ஒரே கணக்கு, எந்த நெடுவரிசைகளுக்கு?

இந்தியாவின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 2019-இல் தொடங்கி 2021-இல் முடிந்தது. 7,24,115 பெண்களைப் பேட்டி கண்டார்கள். அந்தப் பேட்டிகளின் தரவுக் கோப்பில் ஆளுக்கு ஒரு கிடைவரிசை, நெடுவரிசைகளோ ஆயிரக்கணக்கில். வி437 என்பது எடை, வி438 உயரம், வி453 ஹீமோகுளோபின் அளவு. மூன்றிலும் தசமப் புள்ளியை எடுத்துவிட்டு முழு எண்ணாகச் சேமித்திருக்கிறார்கள். 52.4 கிலோ எடையுள்ளவருக்கு 524 என்று இருக்கும். பயன்படுத்துமுன் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். அளவெடுக்க முடியாமல் போனவர்களுக்கு எண்ணுக்குப் பதில் குறியீடு நிற்கும். எடையிலும் உயரத்திலும் அது 9994 போன்ற நான்கு இலக்கம், ஹீமோகுளோபினில் 994 போன்ற மூன்று இலக்கம். முதலில் இவற்றைக் காலியாக்காமல் வகுத்தால், 999.4 கிலோ எடையுள்ள பெண்கள் சராசரிக்குள் நுழைந்துவிடுவார்கள்.

ஒரு நெடுவரிசைக்கு இதைச் செய்ய இரண்டு வரி நிரல் போதும். நாற்பது நெடுவரிசைகளுக்கு எப்படி எழுதுவது? தரவோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி இது. கணினி மொழிகள் அரை நூற்றாண்டாக இதற்கு விதவிதமான விடைகளைத் தந்துவந்திருக்கின்றன. அவற்றை ஒருசேரப் பார்த்தால் ஒன்று தெரிகிறது: திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை எப்படிச் சுருக்குவது என்பது எப்போதோ தீர்ந்துவிட்டது. எந்த நெடுவரிசைகளுக்குச் செய்வது என்பதுதான் தீரவில்லை. மேலே சொன்ன கோப்பிலேயே வி445 என்று ஒன்று இருக்கிறது, உடல் நிறைக் குறியெண். அதில் புள்ளி இரண்டு இடம் தள்ளியிருக்கிறது. 2150 என்றால் 21.50. எடை, உயரத்தின் பக்கத்திலேயே இருக்கிறதே என்று அதையும் பத்தால் வகுத்தவருக்கு எந்த மென்பொருளும் எச்சரிக்கை தராது.

மிகப் பழைய விடை, எழுதிய வரியைப் பிரதியெடுத்து ஒட்டி, நெடுவரிசையின் பெயரை மட்டும் மாற்றுவது. இதைக் கேலி செய்வது எளிது, ஆனால் மூன்று நெடுவரிசைகளுக்கு இதுதான் சரியான வழி என்பது என் கருத்து. படிப்பவருக்கு ஒவ்வொன்றும் கண்முன் தெரியும். எண்ணிக்கை ஏறும்போதுதான் சிக்கல். வரியின் இடப்பக்கத்தில் பெயரை மாற்றிவிட்டு வலப்பக்கத்தில் மாற்ற மறந்தால், உயரம் என்ற பெயரில் எடை போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டும் எண் என்பதால் பிழைச் செய்தி வராது.

விரிதாள்கள் இந்தப் பிரதியெடுப்பையே ஒரு வசதியாக்கின. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் 1979-இல் வெளியிட்ட விசிகால்க்கில் சூத்திரத்தைப் பக்கத்துக் கட்டங்களுக்கு நகலெடுக்கும் கட்டளை இருந்தது. சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு முகவரிக்கும், இது இடத்தோடு சேர்ந்து நகர வேண்டுமா, இருந்த இடத்திலேயே நிற்க வேண்டுமா என்று அது கேட்கும். எக்செலில் நாம் போடும் டாலர் குறி செய்வதும் அதே வேலைதான். மூலையைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் எல்லா நெடுவரிசைகளுக்கும் கணக்கு வந்துவிடும். ஆனால் அது ஒரே கணக்கு அல்ல. ஒன்றைப்போல் இருக்கும் பல கணக்குகள். நடுவில் ஒரு கட்டத்தை யாராவது தட்டி மாற்றிவிட்டால் மற்றவை அப்படியே இருக்க அது மட்டும் தனி வழியில் போகும். நெடுவரிசைகள் முழுவதற்கும் ஒரே ஃபங்ஷனை ஓட்டும் பைகால் எக்செலுக்குள் வந்தது மிக அண்மையில்தான்.

எக்செலின் இன்னொரு முகத்தையும் சொல்லியாக வேண்டும். யாரும் கேட்காமலே எல்லா நெடுவரிசைகளுக்கும் ஒரு வேலையை அது செய்கிறது: தேதிபோல் தெரிவதையெல்லாம் தேதியாக மாற்றிவிடுகிறது. மரபணுவியலாளர்களை இது படாத பாடு படுத்தியது. செப்ட்2 என்ற மரபணு செப்டம்பர் 2 ஆனது, மார்ச்1 என்பது மார்ச் 1 ஆனது. எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் மாறும் என்று காத்திருந்து பயனில்லை என்று, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. அதற்குப் பிறகுதான், 2023-இல், தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை எக்செல் தந்தது.

சமூக ஆய்வாளர்கள் கையில் இருந்த புள்ளியியல் மென்பொருள்கள் இதை வேறு கோணத்தில் அணுகின. எஸ்பிஎஸ்எஸ்ஸில் கேள்வி1 முதல் கேள்வி10 வரை என்று ஒரே கட்டளையில் சொல்லி, 99-ஐக் காலியாக்கு என்று விடலாம். சாஸில் நெடுவரிசைகளை ஓர் அணியாகக் கட்டி லூப் ஓட்டுவார்கள். ஸ்டேட்டாவில் பெயர்ப்பட்டியல்மேல் நடக்கும் ஃபோர்ஈச் உண்டு. இந்திய மக்கள்தொகை ஆய்வுகளில் இன்றும் பெரும்பகுதி நிரல் இந்த மொழிகளில்தான் எழுதப்படுகிறது. புதிய மொழிக்காரர்கள் நினைப்பதைவிட இவை திறமையானவை. இவற்றின் பலவீனம், ‘இதிலிருந்து அதுவரை’ என்று சொல்லும்போது கோப்பில் நெடுவரிசைகள் நிற்கும் ஒழுங்கை நம்புவது. வி437 முதல் வி445 வரை என்று ஸ்டேட்டாவில் எழுதினால், எடையிலும் உயரத்திலும் தொடங்கி, நடுவில் இருக்கும் வேறு அளவைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, உடல் நிறைக் குறியெண்ணில் போய் முடியும். அடுத்த ஆண்டு கோப்பில் நடுவே புதிதாக ஒரு நெடுவரிசை சேர்ந்தால் அதுவும் சத்தமில்லாமல் கணக்கில் சேர்ந்துவிடும்.

தரவுத்தள உலகம் இந்தக் கேள்விக்கு வெகுகாலம் பதிலே சொல்லவில்லை. எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுமுறை மாதிரியில் அட்டவணையின் நெடுவரிசைகள் முன்கூட்டியே தீர்மானமானவை. கேள்விகள் எல்லாம் கிடைவரிசைகளைப் பற்றியவை. அதிலிருந்து பிறந்த எஸ்க்யூஎல்லில் நட்சத்திரக் குறி போட்டு எல்லா நெடுவரிசைகளையும் பார்க்கலாம், எல்லாவற்றின் சராசரியையும் கேட்க முடியாது. அறுபது நெடுவரிசை என்றால் சராசரி என்ற சொல்லை அறுபது முறை எழுத வேண்டும். அதனால் எஸ்க்யூஎல் எழுதும் நிரலை இன்னொரு மொழியில் எழுதும் பழக்கம் வந்தது. அட்டவணையின் நெடுவரிசைப் பெயர்களை முதலில் கேட்டு வாங்கி, அவற்றை வைத்து வாக்கியத்தைக் கோத்து, அந்த வாக்கியத்தைத் தரவுத்தளத்துக்கு அனுப்புவார்கள். வேலை நடக்கும்; ஆனால் பிழை வந்தால் தேட வேண்டியது யாரும் கையால் எழுதாத ஒரு வாக்கியத்துக்குள். ஆம்ஸ்டர்டாமில் உருவான டக்டிபி இந்தப் பழைய குறையை நேராகத் தொட்டது. அதில் ‘காலம்ஸ்’ என்ற சொல்லுக்குள் நட்சத்திரத்தையோ பெயரின் வடிவத்தையோ போட்டு, வெளியே சராசரி என்று ஒருமுறை எழுதினால் போதும்.

ஆர் மொழியின் கதைதான் இதில் மிகச் சுவையானது. பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸ் குழு 1976-இல் தொடங்கிய எஸ் மொழியின் வழிவந்தது ஆர். அதில் தரவு அட்டவணை என்பது உள்ளே நெடுவரிசைகளின் பட்டியல். பட்டியலின் ஒவ்வொரு உறுப்பின்மேலும் ஒரு ஃபங்ஷனை ஓட்ட எல்அப்ளை இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நெடுவரிசைமேலும் ஓட்டுவதற்கும் தனியாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. நான் அறிந்த வடிவமைப்புகளில் மிக அழகானது இது. ஆனால் புதியவர்கள் பெயரைப் பார்த்து ஏமாந்து அப்ளை என்பதை எடுத்துவிடுவார்கள். அது அட்டவணையை முதலில் ஒரே வகை எண்களோ எழுத்துகளோ கொண்ட அணியாக மாற்றும். ஊர்ப்பெயர் என்று ஒரேயொரு எழுத்து நெடுவரிசை இருந்தாலும் போதும், எல்லா எண்களும் எழுத்தாகிவிடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்அப்ளையின் சிக்கல் வேறு: விடை எந்த வடிவில் வரும் என்பதைத் தரவைப் பார்த்து அதுவே தீர்மானித்துக்கொள்ளும். இன்றைக்கு எண்களின் வரிசை வந்தால் நாளைக்குப் பட்டியல் வரலாம்.

ஹாட்லி விக்கமின் டிப்ளையர் என்ற ஆர் தொகுப்பு 2014-இல் வந்தபோது ஒரு நெடுவரிசைக்கான வினைச்சொற்கள் அதில் தெளிவாக இருந்தன. பலவற்றுக்கானவை தட்டுத்தடுமாறித்தான் வந்தன. முதலில் ஒவ்வொன்றுக்கும் என்ற பொருளில் ‘ஈச்’ என்ற வால் கொண்டவை. பிறகு அவற்றை ஓரங்கட்டிவிட்டு மூன்று வால்கள்: எல்லாவற்றுக்கும் ‘ஆல்’, பெயர் சொன்னவற்றுக்கு ‘அட்’, நிபந்தனைக்கு உட்பட்டவற்றுக்கு ‘இஃப்’. ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் மூன்று வால் என்றால் ஃபங்ஷன்கள் பெருகுமே தவிர, பெயர் சொன்ன இரண்டுக்கும் எண்ணாக உள்ள மற்றவற்றுக்கும் சேர்த்து ஒரே வரியில் கேட்க முடியாது. 2020-இல் வந்த 1.0.0 பதிப்பில் இவையெல்லாவற்றுக்கும் பதிலாக அக்ராஸ் என்ற ஒன்று வந்தது. இவ்வளவு எளியதைக் கண்டுபிடிக்க ஏன் இத்தனை ஆண்டுகள் என்பதற்கு டிப்ளையரை எழுதியவர்களே சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: ஒரு நெடுவரிசைக்குள் ஓர் அட்டவணையே அடங்கலாம் என்பதும், பெயரிடாமல் விட்டால் அந்த உள் அட்டவணையைப் பிரித்துப் பரப்பலாம் என்பதும் பிடிபட்ட பிறகே அக்ராஸ் சாத்தியமாயிற்று.

பழைய வால்களிலிருந்து அக்ராஸுக்கு மாறியபோது வெளியே தெரியாத ஒரு மாற்றமும் நடந்தது. ஆண் 30, மொத்தம் 50, பெண் 20 என்று இந்த ஒழுங்கில் மூன்று நெடுவரிசைகள். எல்லாவற்றையும் மொத்தத்தால் வகுக்கச் சொல்கிறோம். பழைய முறை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும்: ஆண் 0.6 ஆகும், மொத்தம் 1 ஆகும், அடுத்து பெண்ணை வகுக்கும்போது மொத்தம் ஏற்கெனவே 1 ஆகிவிட்டதால் 20 அப்படியே நிற்கும். அக்ராஸ் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்வதுபோல் நடந்துகொள்ளும், பெண் 0.4 ஆகும். லூப் எழுதுபவர்களுக்கு இந்தப் பொறி இன்றும் எல்லா மொழிகளிலும் உண்டு. அக்ராஸுக்கும் தனக்கே உரிய பொறி இருக்கிறது. சுருக்க அட்டவணையில் முதலில் எண்ணிக்கையை ‘என்’ என்ற பெயரில் கணக்கிட்டு, அடுத்ததாக எண்ணாக உள்ள எல்லாவற்றுக்கும் திட்ட விலக்கம் கேட்டால், சற்றுமுன் பிறந்த அந்த ‘என்’னும் எண்தானே என்று அதற்கும் திட்ட விலக்கம் போடப் போகும். ஒற்றை எண்ணுக்குத் திட்ட விலக்கம் கிடையாது, எண்ணிக்கை காலியாகிவிடும்.

பைத்தான் பக்கம் வெஸ் மெக்கின்னி 2008-இல் தொடங்கிய பாண்டாஸில் விவாதம் வேறு இடத்தில் மையம் கொண்டது: கணக்குக்குப் பொருந்தாத நெடுவரிசையை என்ன செய்வது? நெடுங்காலம் பாண்டாஸ் அதை ஓசையின்றிக் கழித்துவிட்டது. சராசரி கேட்டால் எண் நெடுவரிசைகளின் சராசரி மட்டும் வரும், எழுத்து நெடுவரிசைகள் விடையிலேயே இருக்காது. வசதிதான். ஆனால் வருமானம் என்ற நெடுவரிசையில் ஒருவர் காலியிடத்துக்குப் பதில் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும். வருமானம் விடையிலிருந்து காணாமல் போகும். நாற்பது நெடுவரிசை விடையில் ஒன்று குறைந்ததை யார் கவனிக்கிறார்கள்? பழைய பதிப்புகளில் இதைவிட வேடிக்கையும் உண்டு: எழுத்தாகச் சேமித்த 1, 2, 3-க்குச் சராசரி கேட்டால் மூன்றையும் ஒட்டி 123 ஆக்கி, மூன்றால் வகுத்து 41 என்று சொல்லும். 2023-இல் வந்த 2.0 பதிப்பு இந்தக் கழித்துவிடும் பழக்கத்தைக் கைவிட்டது. பொருந்தாததைக் கண்டால் இப்போது பிழை என்று நின்றுவிடுகிறது. பலருடைய பழைய நிரல்கள் அன்றைக்கு உடைந்தன. உடைந்ததே நல்லது என்று சொல்வேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைய கருவிகள் ஒரே நெடுவரிசையின் மதிப்புகளை நினைவகத்தில் அடுத்தடுத்து வைக்கின்றன; ஒரே வகை எண்களை வரிசையாக விழுங்குவது செயலிக்கு எளிது. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட போலார்ஸ், பல நெடுவரிசைகளுக்குச் சொன்ன ஒரே கோவையைத் தனித்தனிக் கோவைகளாக விரித்து இணையாக ஓட்டுகிறது. பெருந்தரவுக் கருவியான ஸ்பார்க்கில் மட்டும் ஓர் எச்சரிக்கை. அங்கே லூப் போட்டு நெடுவரிசைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால், ஒவ்வொரு சேர்ப்பும் செயல்திட்டத்தில் இன்னொரு அடுக்காகும். நூற்றுக்கணக்கில் போனால் கணக்கு தொடங்குமுன் திட்டம் போடுவதிலேயே அது திணறும்; அதன் ஆவணமே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. மொத்தமாக ஒரே கட்டளையில் கொடுப்பதே வழி.

இப்போது தேர்வுக்கு வருவோம். நெடுவரிசைகளைச் சுட்ட இந்தக் கருவிகள் தருபவை நான்கு: இடம், பெயர், பெயரின் வடிவம், தரவின் வகை. இடத்தின் ஆபத்தைப் பார்த்தோம். எண்ணாக உள்ளவை எல்லாம் என்று வகையால் சுட்டுவது மிகப் பரவலானது, என் பார்வையில் மிக ஆபத்தானதும் அதுவே. அஞ்சல் குறியீடு எண்தான், மாவட்டக் குறியீடும் எண்தான், ஆம் என்பதற்கு 1, இல்லை என்பதற்கு 2 என்று பதிவான பதிலும் எண்தான். 600004-க்கும் 625001-க்கும் சராசரி கண்டால் எந்தத் தபால்காரரும் போக முடியாத ஊர் கிடைக்கும்.

பெயரின் வடிவத்தால் சுட்டுவதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் காசநோய்த் தரவு நல்ல பாடம். ஆர் கற்பிக்கும் இடங்களில் பழகிப்போன கோப்பு அது: 7,240 கிடைவரிசைகள், 60 நெடுவரிசைகள். நாடு, இரண்டு நாட்டுக் குறியீடுகள், ஆண்டு ஆகிய நான்கு போக மீதி 56-ம் நோயாளிகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு பெயரிலும் புதிய நோயாளி என்ற முன்னொட்டு, கண்டறிந்த முறை, ஆணா பெண்ணா, வயதுப் பிரிவு ஆகியவை கோக்கப்பட்டிருக்கும், பெரும்பாலும் முன்னொட்டுக்கும் முறைக்கும் பின்னால் ஓர் அடிக்கோட்டோடு. முன்னொட்டும் அடிக்கோடும் சேர்த்துத் தேடினால் எல்லாம் கிடைத்துவிடும் என்றுதான் தோன்றும். கிடைப்பவை 42. மறுபடி நோய் கண்டவர்களுக்கான 14 நெடுவரிசைகளில் முன்னொட்டுக்குப் பிறகு அடிக்கோடு இல்லை. கூட்டுத்தொகை வரும், பிழைச் செய்தி வராது. ஒரு வகை நோயாளிகள் முழுவதுமாகக் கணக்கிலிருந்து விழுந்திருப்பார்கள்.

இந்த நான்கு வழிகளிலும் இல்லாதது, நெடுவரிசை எதை அளக்கிறது, எந்த அலகில், எதைக் காலி என்று கொள்வது என்ற செய்தி. குடும்பநல ஆய்வுக் கோப்புகளில் நெடுவரிசைகளோடு விளக்கச் சீட்டுகளும் வருகின்றன. எடையின் சீட்டில் கிலோ, ஒரு தசம இடம் என்றே இருக்கிறது. அந்தச் சீட்டைப் படித்துத் தேர்ந்தெடுக்க நிரல் எழுதுவது இயலாத காரியமில்லை. ஆனால் உடல் நிறைக் குறியெண்ணின் சீட்டில் அதன் பெயர் மட்டும்தான். இரண்டு தசம இடம் என்பதற்குக் கையேட்டைப் புரட்ட வேண்டும். ஆகவே பெரிய ஆய்வுகளில் நான் பரிந்துரைப்பது, கையேட்டைப் பார்த்து ஒரு சிறிய துணை அட்டவணையைக் கையால் எழுதிக்கொள்வது. ஒரு கிடைவரிசைக்கு ஒரு நெடுவரிசையின் பெயர், எதனால் வகுப்பது, எந்த எண்ணுக்கு மேல் குறியீடு என்று மூன்று செய்திகள். நிரல் அந்தத் துணை அட்டவணையின்மேல் நடக்கட்டும். ஒரே கணக்கு என்று நினைத்தது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் சற்றே வேறு எண்களோடு ஓடும். நிரல் தெரியாத மக்கள்தொகையியலாளரும் அந்தப் பட்டியலைச் சரிபார்த்துவிட முடியும். எழுத அலுப்பாக இருக்கும், மறுப்பதற்கில்லை.

கடைசியாக, இத்தனை நெடுவரிசைகள் நெடுவரிசைகளாக இருக்கத்தான் வேண்டுமா? விக்கம் 2014-இல் எழுதிய ஒழுங்கான தரவு பற்றிய கட்டுரை எழுப்பிய கேள்வி இது. காசநோய்க் கோப்பின் 56 நெடுவரிசைகளும் உண்மையில் ஒரே அளவை, நோயாளிகளின் எண்ணிக்கை. பாலும் வயதும் தலைப்பில் போய் ஒளிந்திருக்கின்றன. அவற்றைக் கீழே இறக்கி நீள அட்டவணையாக்கினால் 4,05,440 கட்டங்கள். அவற்றில் எண் இருப்பவை 76,046 மட்டுமே. காலியானவற்றைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது கையடக்கமான அட்டவணை, அதில் கணக்குப் போட வேண்டிய நெடுவரிசை ஒன்றே ஒன்று. பல நெடுவரிசைகளுக்கு ஒரே செயல் என்ற கேள்வியே அங்கே மறைந்துவிடுகிறது. இந்த வழியை வேதமாக்கிவிடவும் கூடாது. இருபதாயிரம் மரபணுக்களின் அளவுகள் ஒரே அலகில் இருக்கும்போது அவற்றை நீளமாக்குவது வீண் சுமை. உயிரித் தகவலியலாளர்கள் அவற்றை எண்களின் அணியாகவே வைத்து, மாதிரிகளைப் பற்றிய விவரங்களைப் பக்கத்தில் தனி அட்டவணையாக வைத்துக்கொள்கிறார்கள்.

குடும்பநல ஆய்வு இரண்டு வடிவங்களையுமே தருகிறது. பெண்கள் கோப்பில் ஒவ்வொரு தாயின் பிள்ளைப்பேறுகளும் பி3_01 முதல் பி3_20 வரை இருபது நெடுவரிசைகளில் பக்கவாட்டில் கிடக்கும். பெரும்பாலான தாய்மாருக்கு முதல் சிலவற்றுக்குப் பிறகு காலி. அதே பிறப்புகள் பிறப்புக் கோப்பில் பிறப்புக்கு ஒரு கிடைவரிசையாக நீளவாக்கில் இருக்கும். பிறந்த மாதம் இரண்டிலும் 1900 ஜனவரியை ஒன்றாக வைத்து எண்ணிய எண். 2020 ஜனவரி என்றால் 1441. இதைத் தேதியாக்க முதல் கோப்பில் இருபது முறை, இரண்டாவதில் ஒரு முறை. குழந்தை இறப்பு விகிதம் கணக்கிடுபவர் யோசிக்காமல் இரண்டாவதை எடுக்கலாம். ஒரு பிறப்புக்கும் முந்தைய பிறப்புக்கும் இடைவெளி வேண்டுபவருக்கு அவ்வளவு நேரடியாக இல்லை. கடைசிப் பிள்ளை முதலில் வரும் ஒழுங்கு என்பதால், அகலக் கோப்பில் பி3_01-இலிருந்து பி3_02-ஐக் கழிக்க வேண்டும். அது ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு செயல் அல்ல, பக்கத்து நெடுவரிசைகளுக்கு இடையே ஒரு செயல். அக்ராஸ் போன்றவை அதற்காக அமைந்தவை அல்ல. நீளக் கோப்பில் தாய்வாரியாகப் பிரித்து அடுத்த கிடைவரிசையோடு கழிப்பது எளிது, இரட்டைப் பிள்ளைகள் வரும்வரை. இந்தக் கழித்தலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்வதைத் தவிர்க்க, ஆய்வு நடத்துபவர்களே அதை முன்கூட்டிச் செய்து பி11 என்ற பெயரில் கோப்பில் வைத்துவிட்டார்கள். பெண்கள் கோப்பில் அதுவும் இருபது நெடுவரிசைகள்.